பழைய காரின் கண்ணாடி மெதுவாக ஏறினால்: கோத்தகிரிக் குளிரில் கற்றவை

கோத்தகிரியில் கார் வைத்திருப்பவருக்குக் கதவுக் கண்ணாடி ஒழுங்காக ஏறி இறங்குவது ஓர் ஆடம்பரம் அன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும்போது குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் கண்ணாடியை இறக்கியாக வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்த பிறகு, டி.என். 43 (நீலகிரி) அல்லாத பதிவெண் கொண்ட வண்டிக்கு இது தப்பாது. வளைவுகளில் மேலிருந்து இறங்கும் பேருந்தின் ஹாரன் காதில் விழுவதற்காகவும், மூடுபனியில் உட்புறம் ஆவி படராமல் இருப்பதற்காகவும் கண்ணாடியை இரண்டு விரல் அளவு திறந்து வைத்து ஓட்டுவது இங்கே பலருடைய பழக்கம். சாலையோரம் வண்டியை நிறுத்தினால் குரங்குகள் வந்துவிடும். பாதி தூரத்தில் நின்று யோசிக்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு அவற்றிடமிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக்கூடக் காப்பாற்ற முடியாது.

என்னிடம் இருப்பது இருபது வயதைக் கடந்த, கோயம்புத்தூர்ப் பதிவெண் கொண்ட ஒரு பெட்ரோல் கார். பதினைந்து ஆண்டு முடிந்ததும் முதல் முறையும், அதற்குப் பிந்தைய ஐந்து ஆண்டு முடிந்ததும் மறுமுறையும் பதிவைப் புதுப்பித்து ஓட்டி வருகிறேன். எஞ்சினிலும் கியரிலும் குறை இல்லை. ஆனால் நான்கு கதவுகளின் பவர் விண்டோக்களும் ஆண்டுக்கு ஆண்டு சோம்பிக்கொண்டே வந்தன. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி காலையில் முக்கால் பங்கு ஏறி நின்றுவிடும். விரலை எடுத்து மறுபடி அழுத்தினால் முனகியபடி மீதித் தூரத்தைக் கடக்கும். நண்பகலில் வெயில் பட்ட பிறகு அதே கண்ணாடி ஓரளவு நன்றாகவே ஏறும். விசாரித்த இடங்களில் எல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: “மோட்டார் வீக் ஆயிடுச்சு சார், மாத்திடலாம்.” நான்கு மோட்டார்களும் ஒரே காலத்தில் சேர்ந்து பலவீனமாகும் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருந்தது. நான்குக்கும் பொதுவான காரணம் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுவதே முறை என்று தோன்றியது.

இந்த மோட்டாரைப் பற்றிச் சிறிது புரிந்துகொண்டால் தேட வேண்டிய இடம் தானாகவே தெரியவரும். அது நிலைக்காந்தம் கொண்ட எளிய நேர்மின்னோட்ட மோட்டார். அதன் முனைகளில் கிடைக்கும் மின்னழுத்தம் குறைந்தால் வேகம் குறையும். இழுக்க வேண்டிய சுமை கூடினாலும் வேகம் குறையும். சுமை கூடும்போது அது அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்தக் கூடுதல் மின்னோட்டம் கருத்துப்போன ஸ்விட்ச் வழியாகவும் துருப்பிடித்த எர்த் (மின்னோட்டம் காரின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) வழியாகவும் போக வேண்டியிருப்பதால் அங்கே மின்னழுத்த இழப்பும் கூடுகிறது. அதாவது கண்ணாடி ரப்பரில் இறுகினால், மோட்டார் இரண்டு வகையிலும் அடி வாங்குகிறது. ஆகவே முதலில் உராய்வை நீக்கி, அதன்பின் வோல்ட்டை அளந்து, கடைசியில் மட்டுமே மோட்டாரில் கை வைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் புது மோட்டாரும் பழைய வேகத்திலேயே ஓடும்.

காலையில் மந்தம், நண்பகலில் சுறுசுறுப்பு என்ற அறிகுறியும் ஒன்றைச் சொல்கிறது. குளிரில் செம்புக் கம்பியின் மின்தடை குறைகிறது. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 விழுக்காடு. மோட்டாருக்குள் இருக்கும் ஃபெரைட் காந்தமும் குளிரில் சற்று வலுப்பெறுகிறது. எனவே மோட்டாரைப் பொறுத்தவரை கோத்தகிரியின் தைமாதக் காலை நல்ல பொழுதே. குளிரில் கெட்டுப்போவது ரப்பரும் கிரீஸும்தான். ரப்பர் விறைக்கிறது, இருபது ஆண்டுப் பழைய கிரீஸ் மெழுகாகிறது. பேட்டரியும் குளிரில் சற்றுத் தளரும் என்பது உண்மையே. ஆனால் எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர் என்பதால் அந்தக் காரணம் பெரிதாக நிற்காது. வெயிலில் சரியாகும் கண்ணாடி பெரும்பாலும் உராய்வுக் கோளாறு. வெயிலிலும் குளிரிலும் ஒரே மாதிரி மந்தமாக இருப்பது மின்பாதைக் கோளாறு. இந்த ஒரு வேறுபாட்டைச் சில நாள் கவனித்து வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய வேறு சோதனைகளும் உண்டு. சாவியை மட்டும் போட்டு ஒருமுறையும், எஞ்சினை ஓடவிட்டு ஒருமுறையும் கண்ணாடியை ஏற்றிப் பார்க்க வேண்டும். முதலாவதில் பேட்டரி 12.5 வோல்ட் அளவிலும், இரண்டாவதில் 14 வோல்ட் அளவிலும் இருக்கும்; வேகத்தில் சிறு வேறுபாடு இயல்பானது, நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். அடுத்து, மற்றொருவர் ஸ்விட்சை அழுத்தும்போது கண்ணாடியின் இரு முகத்திலும் உள்ளங்கைகளை வைத்து மெல்ல மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். சிறு உதவிக்கே கண்ணாடி விரைந்து ஏறுமானால் அது எங்கோ இறுகுகிறது என்று பொருள். எந்த உயரத்தில் அது முனகத் தொடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். என் காரில் இரண்டு முன்கதவுகளிலும் மேல் மூன்றில் ஒரு பங்கில்தான் இறுக்கம் இருந்தது. அதற்கான காரணம் கண்முன்னே ஒட்டியிருந்தது.

மழையிலும் கண்ணாடியைச் சிறிது திறந்து வைக்க வேண்டும் என்பதால் மலையில் ஓடும் கார்களில் பெரும்பாலும் டோர் வைசர் (கதவுக் கண்ணாடிக்கு மேல் மழையைத் தடுக்கும் பிளாஸ்டிக் பட்டை) பொருத்தியிருப்பார்கள். அதில் இரண்டு வகை உண்டு. கதவுச் சட்டத்தின் வெளியே ஒட்டுவது ஒன்று. கண்ணாடி ஓடும் ரப்பர்ச் சேனலுக்குள்ளேயே செருகுவது மற்றொன்று. என் காரில் முந்தைய உரிமையாளர் செருகியிருந்தது இரண்டாவது வகை. அதன் பிளாஸ்டிக் விளிம்பு சேனலின் அகலத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதால், கண்ணாடி மேலே வரும்போது ஆப்பு அடித்ததுபோல் சிக்கிக்கொள்கிறது. வைசரைக் கழற்றிய அன்றே முன்கதவுக் கண்ணாடிகள் முழுவதுமாக ஏறத் தொடங்கின. மழைக்கு அது தேவையே என்பதால் பின்னர் வெளியே ஒட்டும் வகையை வாங்கிப் பொருத்தினேன். இந்த ஊரில் மந்தமான கண்ணாடியைப் பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி வைசரைப் பற்றியதுதான்.

அடுத்தது சேனல் ரப்பர். கண்ணாடியின் இரு செங்குத்து ஓரங்களும் மேல் விளிம்பும் ஓடும் இந்த ரப்பரின் உட்பக்கத்தில் வெல்வெட்டைப் போன்ற நுண்ணிழைப் பூச்சு இருக்கும். மூடுபனியில் எப்போதும் நனைந்திருக்கும் கண்ணாடி, சாலைத் தூசியைச் சேறாக்கி இந்த இழைகளுக்குள் அப்புகிறது. வெயில் வந்ததும் அது காய்ந்து உப்புத்தாளைப்போல் ஆகிவிடுகிறது. இதைச் சுத்தம் செய்வதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலும் பழைய பருத்தித் துணியும் போதும். கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, துணியை ஸ்கேலில் சுற்றி, கார் ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சேனலின் மேலிருந்து கை எட்டும் ஆழம்வரை இழுத்து எடுக்க வேண்டும். முதல் சில இழுப்புகளில் துணி கறுப்பாக வரும். நிறமின்றி வரும்வரை விடக் கூடாது. அதன்பின் நன்றாக உலரவிட வேண்டும். கோத்தகிரியில் உலர்தல் என்பது எளிய காரியம் அன்று. வெயில் நிச்சயமாக இருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை.

உலர்ந்த சேனலில் சிலிக்கான் ஸ்பிரேயைக் குழாய்முனை வழியாக மெல்லிய கோடாக அடித்து, கண்ணாடியைப் பல முறை ஏற்றி இறக்கினால் போதுமானது. எஞ்சின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ், துரு நீக்கும் ஸ்பிரே ஆகிய எதையும் இங்கே பயன்படுத்தக் கூடாது. சேனலில் பயன்படும் ரப்பர் வகை பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சிப் பருத்துவிடும். முதல் வாரம் வழுக்கிக்கொண்டு போகும் கண்ணாடி, பின்னர் முன்பைவிடக் கடுமையாக இறுகும். பட்டறைகளில் ஆயில் கேனை எடுத்துச் சேனலில் விடுவதைப் பார்த்திருக்கிறேன். உடனே பலன் தெரிவதால் வண்டிக்காரரும் மகிழ்ச்சியாகக் கிளம்பிவிடுகிறார். சிலிக்கான் ஸ்பிரேயிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: அது முன்கண்ணாடியில் பட்டால் வைப்பர் ஓடும்போது எண்ணெய்ப் படலமாகப் பரவும், எதிரே வரும் வண்டியின் விளக்கு மூடுபனியில் அந்தப் படலத்தில் பட்டுச் சிதறினால் சாலையே தெரியாது. தெளிக்கும் இடத்தை ஒரு துணியால் மறைத்துக்கொள்வது நல்லது.

கண்ணாடியின் மேற்பரப்பும் உராய்வுக்குக் காரணமாகலாம். கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடை செய்தபோது அவசரமாக உரிக்கப்பட்ட கார்கள் பலவற்றில் பசையின் மிச்சம் இன்னும் இருக்கிறது. என் காரின் பின்கண்ணாடிகளில், கதவுக்குள் மறைந்திருக்கும் கீழ்ப் பகுதியில் அது ஒரு பட்டையாக இருந்தது. கண்ணாடி ஏறும்போது கதவின் மேல் விளிம்பில் உள்ள ரப்பர் பீடிங் அந்தப் பசையில் ஒட்டி ஒட்டி விடுபட்டது. “கிறீச்” என்ற ஒலியும் அதனால்தான். ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்ததும் பசை போயிற்று, ஒலியும் போயிற்று.

இவ்வளவுக்குப் பிறகு கதவின் உட்புற மூடியான டோர் பேடைக் கழற்ற வேண்டும். குளிரில் பிளாஸ்டிக் கிளிப்புகள் எளிதில் உடையும் என்பதால், வண்டியை ஓரிரு மணி நேரம் வெயிலில் நிறுத்திய பிறகே இதைச் செய்வது நல்லது. மாற்றுக் கிளிப்புகள் சிலவற்றை முன்னதாகவே வாங்கி வைத்திருப்பது அதைவிட நல்லது. பேடுக்குப் பின்னால் கதவின் இரும்பை மூடிக் கறுப்புப் பசையால் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். கதவுக்குள் இறங்கும் மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். அதைக் கிழிக்காமல் மெதுவாக உரித்து, வேலை முடிந்ததும் அதே பசையில் அழுத்தி ஒட்ட வேண்டும். பட்டறையில் இதைக் கிழித்து எறிந்துவிட்ட கார்களில் மழைக்காலம் முழுவதும் மிதியடி ஈரமாக இருக்கும். அந்த ஈரம் கண்ணாடியில் ஆவியாகப் படியும். கடைசியில் ஹீட்டரைக் குறை சொல்வார்கள்.

கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். தேயிலைத் தோட்டத்து ஓரம் வண்டி நிற்பதால், சில்வர் ஓக் மரத்தின் காய்ந்த இலைத் துணுக்குகள் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே விழுந்து மக்கித் துளைகளை அடைத்திருந்தன. நீர் தேங்கிய அளவுக்கு, கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பான ரெகுலேட்டரின் கீழ்ப் பகுதி துருவேறியிருந்தது. கத்தரிக்கோல் வடிவ ரெகுலேட்டரின் பழைய கிரீஸைத் துணியால் வழித்தெடுத்து, உருளைகள் ஓடும் தடத்திலும் பல்சக்கரத்திலும் வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லியதாகத் தடவினேன். இவ்வகை ரெகுலேட்டரில் கண்ணாடியின் எடையைத் தாங்கும் சுருள்வில் ஒன்று முறுக்கேறிய நிலையில் இருக்கும். ரெகுலேட்டரின் கைகளைப் போல்ட்டாலோ கிளாம்ப்பாலோ பூட்டாமல் மோட்டாரைக் கழற்றினால் அந்த வில் விடுபட்டு விரலை நறுக்கிவிடும். முன் அனுபவம் இல்லாதவர்கள் மோட்டாரைத் தனியே பிரிக்காமல் இருப்பதே நல்லது.

கண்ணாடியைத் தாங்கும் போல்ட்டுகளையும் செங்குத்துத் தடத்தின் போல்ட்டுகளையும் சற்றுத் தளர்த்தி, கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றி, அது தானாகச் சேனலில் அமர்ந்த நிலையில் மறுபடி இறுக்குவது பலர் செய்யாமல் விடும் ஒரு வேலை. சாய்ந்து ஏறும் கண்ணாடி எவ்வளவு வழவழப்பான சேனலிலும் இறுகத்தான் செய்யும்.

உராய்வு தீர்ந்தபின் இரண்டு கண்ணாடிகள் ஏற்கத்தக்க வேகத்துக்கு வந்தன. ஆனால் ஓட்டுநர் பக்கமும் இடப்பக்கப் பின்கதவும் வெயிலிலும் சற்று மந்தமாகவே இருந்தன. இனி அளக்க வேண்டியதுதான்; முதலில் ஓட்டுநர் பக்கம். மல்டிமீட்டரை மோட்டாரின் இணைப்பியில் பின்புறமாகச் செருகி, கண்ணாடி ஏறிக்கொண்டிருக்கும்போதே படித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தபோது மோட்டாரில் கிடைத்தது 9.6 மட்டுமே. வழியில் காணாமல் போன 2.8 வோல்ட்டைத் துண்டு துண்டாகத் தேடினேன்: பேட்டரியிலிருந்து ஸ்விட்ச்வரை 0.4, ஸ்விட்சின் தொடுமுனைகளுக்குக் குறுக்கே 1.5, மோட்டாரிலிருந்து எர்த் திரும்பும் பாதையில் 0.9. இதே ஸ்விட்சை மின்தடை அளவில் வைத்துப் பார்த்தபோது நல்லதுபோலவே தெரிந்தது. மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. மோட்டாரோ பல ஆம்பியரை இழுக்கிறது. 7 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் இழப்பு என்றால் ஸ்விட்சுக்குள் 10 வாட்டுக்கு மேல் வெப்பம் எழுகிறது. அதனால்தான் நீண்ட நேரம் அழுத்தினால் ஸ்விட்ச் விரலுக்குச் சூடாகத் தெரிந்தது.

ஓட்டுநர் பக்க ஸ்விட்ச் தொகுதியை அக்கறையாகப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய கார்களில் பெரும்பாலும் மற்ற கதவுகளின் மின்பாதையும் அதன் வழியாகவே செல்கிறது. பின்கதவில் அமர்ந்திருப்பவர் தம் ஸ்விட்சை அழுத்தினாலும், மோட்டாரின் மறுமுனை எர்த் அடைவது ஓட்டுநர் தொகுதியில் ஓய்வாக இருக்கும் தொடுமுனை வழியாகத்தான். ஆகவே அங்கே கருமை படிந்தால் நான்கு கதவுகளும் பாதிக்கப்படும். நான்கு மோட்டார்களும் ஒருசேரத் தளர்ந்ததுபோல் தெரிந்ததன் மறுபாதிக் காரணம் இது.

தொகுதியைக் கழற்றி, சிறு வில்களும் குண்டுகளும் தெறித்துப் போகாதபடி ஒரு பெரிய துண்டின் மேல் வைத்துப் பிரிக்க வேண்டும். தொடுமுனைகளின் மேல் உள்ள வெள்ளிப் பூச்சு மெல்லியது; அரத்தையோ சொரசொரப்பான உப்புத்தாளையோ போட்டால் அது போய்விடும். மிக நுண்ணிய தாளால் கருமையை மட்டும் மெல்லத் தேய்த்தெடுத்து, கான்டாக்ட் கிளீனரால் கழுவி உலர்த்தினேன். சேனலுக்கு வாங்கிய சிலிக்கான் ஸ்பிரேயை இங்கே அடித்துவிடக் கூடாது. பொறி பறக்கும் இடத்தில் சிலிக்கான் எரிந்து மின்சாரம் கடத்தாத கண்ணாடிப் படிவமாகிவிடும். எர்த் போல்ட், டாஷ்போர்டுக்குக் கீழே கால் பக்கத் தகட்டின் பின்னால், ஈரம் தங்கும் மூலையில் இருந்தது. அதைக் கழற்றி, தகடு பளிச்சிடும்வரை சுரண்டி மறுபடி இறுக்கினேன். பிறகு அதே நிலையில் மோட்டாரில் 11.5 வோல்ட் கிடைத்தது. கண்ணாடி நிற்காமல் ஏறியது.

ஸ்விட்ச் தொகுதி சீர்செய்ய முடியாத அளவுக்குத் தேய்ந்து, புதியதும் கிடைக்காதபோது, ஒவ்வொரு மோட்டாருக்கும் ஐந்து முனை ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்) இரண்டு சேர்த்து, ஸ்விட்ச் வழியாக ரிலேச் சுருளின் சிறு மின்னோட்டம் மட்டும் செல்லும்படி ஒயரிங்கை மாற்றலாம். பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் வைக்கத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம்தான் இதைக் கொடுக்க வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை. மேலும், இந்த வயதுக் கார்களில் விரல் சிக்கினால் தானே இறங்கும் வசதி இருப்பதில்லை. கண்ணாடி வலுவுடன் ஏறத் தொடங்கியபின் பிள்ளைகள் பின்னிருக்கையில் இருந்தால் ஓட்டுநர் பக்கப் பூட்டுப் பொத்தானைப் போட்டுவைப்பது கட்டாயம்.

மோட்டார் கெட்டதென்று எண்ண வைக்கும் வேறு இரண்டு அறிகுறிகள் உண்டு. பல முறை ஏற்றி இறக்கியபின் முற்றிலும் நின்று, ஓரிரு நிமிடம் கழித்துத் தானே இயங்கினால், மோட்டாருக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு வேலை செய்கிறது என்று பொருள். அது மிகுந்த சுமையைக் காட்டும் அடையாளம். கதவு திறந்திருக்கும்போது ஒரு விதமாகவும் மூடியிருக்கும்போது வேறு விதமாகவும் நடந்தால், கீலுக்கு அருகில் உள்ள ரப்பர்க் குழாய்க்குள் ஒயர் இழைகள் அறுந்திருக்கின்றன. உறைபனி விழும், உதகைக்கு அருகில் உள்ள தலைக்குந்தா போன்ற இடங்களில் இரவு நிறுத்திய வண்டியில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: கண்ணாடி பீடிங்கோடு உறைந்து ஒட்டியிருக்கும். ஹீட்டரைப் போட்டுச் சற்றுக் காத்திருக்காமல் ஸ்விட்சை அழுத்திக்கொண்டே இருந்தால் நல்ல மோட்டாரும் வீணாகும்.

கடைசியில் உண்மையாகவே மோட்டார் தேய்ந்திருந்தது இடப்பக்கப் பின்கதவில் மட்டும்தான். கண்ணாடியை விடுவித்துக் கையால் தூக்கியபோது அது தடையின்றி நகர்ந்தது; மோட்டாரில் 11.7 வோல்ட் இருந்தது. அப்படியும் அது தயங்கித் தயங்கியே சுழன்றது. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் கார்பன் பிரஷ் தேய்ந்ததற்கு இதுவே தெளிவான சான்று. புதியது கிடைக்காததால் கோயம்புத்தூரில் ஒரு பழைய உதிரிபாகக் கடையில் ரெகுலேட்டரோடு சேர்த்து வாங்கினேன். அங்கே போகும்போது பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் பல்சக்கரத்தின் அமைப்பு மாறும். இணைப்பியின் வடிவமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பணம் கொடுக்கும் முன் கடைக்காரரின் பேட்டரியில் இருபுறமும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு திசையிலும் ஒரே சீரான ஒலி வராவிட்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்கலாம்.